வெள்ளை ஏரியில் பழுப்புத்தலை: சோ கார் ஒளிப்படப் பயணம் பற்றிய விவாத இழை

காசிமேடு_கரை:

மார்கழிக் காலையில் சென்னைக்கு வடக்கே எண்ணூர் முகத்துவாரத்தில் நின்று பழுப்புத்தலைக் கடற்காகத்தைப் படமெடுத்த எவருக்கும் அந்தப் பெயரின் மீது ஒரு சந்தேகம் எழுந்திருக்கும். பெயரில்தான் பழுப்பு இருக்கிறது. நம் கண்முன் மீனுக்காகச் சண்டையிடும் பறவைக்கோ தலை வெள்ளை, கண்ணுக்குப் பின்னால் ஒரு கரும்பொட்டு மட்டும். பங்குனியில் சிலவற்றுக்குத் தலை நிறம் மாறத் தொடங்கும், அது முழுமை பெறுவதற்குள் பெரும்பாலானவை வடக்கே புறப்பட்டுவிடும். பன்னிரண்டு ஆண்டுகளாக இந்தப் பறவையின் பாதி வாழ்க்கையை மட்டுமே படமெடுத்து வந்திருக்கிறேன் என்ற எண்ணம் உறுத்திக்கொண்டே இருந்ததால், மீதிப் பாதியைப் பார்ப்பதற்காகக் கடந்த ஜூன் மாதம் லடாக்கின் சோ கார் ஏரிக்குச் சென்று நான்கு இரவுகள் தங்கித் திரும்பினேன்.

லடாக் என்றாலே பாங்கோங் ஏரிதான் நினைவுக்கு வரும். அங்கே நீலமும் நீளமும் இருக்கின்றன. இப்போது நெரிசலும் சேர்ந்துவிட்டது. சோ கார் அதற்கு நேர்மாறான ஓர் இடம். லடாக்கி மொழியில் 'சோ' என்றால் ஏரி, 'கார்' என்றால் வெள்ளை. லே நகரிலிருந்து உப்ஷி, ரும்ட்சே வழியாகத் தக்லாங் கணவாயைக் கடந்து ஏறத்தாழ 150 கிலோமீட்டர் சென்றால், ரூப்ஷு மேட்டுநிலத்தில், கடல்மட்டத்திலிருந்து 4,500 மீட்டருக்கும் மேலான உயரத்தில் இந்த ஏரி கிடக்கிறது. 2020-இல் இது ராம்சார் ஈரநிலமாக, அதாவது பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டது. கருங்கழுத்துக் கொக்கு இந்தியாவில் இனப்பெருக்கம் செய்யும் மிக முக்கியமான இடங்களில் இதுவும் ஒன்று. வரித்தலை வாத்து, கொண்டை முக்குளிப்பான், நம் கடற்காகம், நம் காட்டுப்பள்ளிக் கரையில் குளிர்காலத்தில் ஓடித் திரியும் சிறிய மணல் உப்புக்கொத்தி ஆகிய யாவும் இங்கேதான் குஞ்சு பொரிக்கின்றன.

நான் செய்த முதல் தவறு, வெள்ளையைத் தேடிச் சென்றது. ஏரியின் வடக்குக் கரையில் துக்ஜே என்ற சிறு கிராமம் இருக்கிறது. அங்கே இறங்கியவுடன் உப்புப் படிந்த பரப்பைப் பார்த்து மயங்கி, ஒன்றரை நாளை அதன் விளிம்பிலேயே கழித்தேன். தொலைவில் கியாங் எனப்படும் காட்டுக் கழுதைகள் சில நின்றன. பறவை என்று சொல்ல ஏதுமில்லை. எங்கள் வாகன ஓட்டுநர் பொறுமை இழந்து, "ஐயா, பறவைகள் தண்ணீர் குடிக்க வேண்டாமா?" என்று இந்தியில் கேட்ட பிறகுதான் வரைபடத்தை ஒழுங்காகப் பார்த்தேன். சோ கார் என்பது ஓர் ஏரி அன்று, இரண்டு. தெற்கே ஸ்டார்ட்சபுக் சோ என்ற சிறிய நன்னீர் ஏரி இருக்கிறது. அது நிரம்பி வழியும் நீர்தான் வடக்கே உள்ள பெரிய உப்பேரிக்குள் இறங்குகிறது. முக்குளிப்பானும் கொக்கும் வாத்தும் நன்னீர்ப் பக்கமும் அதைச் சுற்றியுள்ள சதுப்புப் புல்வெளியிலும்தான் இருந்தன. மூன்றாம் நாள் காலை அங்கே, சாக்லேட் நிறத் தலையும் வெண்ணிறக் கண்விளிம்புமாக நம் கடற்காகத்தைக் கண்டேன். எண்ணூரில் பார்த்துப் பழகிய அதே பறவை, நம்மிடம் காட்டாத கோலத்தில் நின்றது.

படமெடுப்பது பற்றிச் சில வார்த்தைகள். உப்புப் பரப்பைக் கேமராவின் ஒளிமானி நம்பாது. எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பலாக்கிவிட வேண்டும் என்பதே அதன் கணக்கு என்பதால், வெள்ளை உப்பு சிமென்ட் தரையைப் போல விழும். நான் கேமராவின் வெளிச்ச அளவைக் கூட்டல் 1.3 வரை ஏற்றி ஈடு கொடுத்து, வெள்ளை முற்றிலும் வெளிறிவிடாதபடி ஒளிப்பரவல் வரைபடத்தின் வலப்பக்கம் முட்டாமல் பார்த்துக்கொண்டேன். வானத்தின் நீலத்தை அடர்த்தியாக்கும் முனைவாக்க வடிகட்டியை அங்கே கொண்டுபோகாமல் இருப்பதே நல்லது. மெல்லிய காற்றில் வானம் ஏற்கெனவே அடர்நீலமாக இருக்கிறது, வடிகட்டி அதை மைக்கறுப்பாக்கிவிடும், அகலக்கோண லென்ஸில் நடுவே ஒரு கறைபோல நிற்கும். காலை ஒன்பது மணிக்குப் பின் தரையிலிருந்து கானல் எழும். அதன்பின் 600 மி.மீ. லென்ஸில் எடுத்த எந்தப் படமும் கூர்மையாக வரவில்லை. நண்பகலுக்கு மேல் காற்று கிளம்பும். ஆகவே ஒரு நாளில் நமக்குக் கிடைப்பது விடியலையொட்டிய மூன்று மணி நேரமும், மாலையில் காற்று விட்டுவைத்தால் ஒரு மணி நேரமும்தான்.

தொலைவைக் கண்ணால் அளக்க முயன்று நான் பட்ட பாடு தனிக்கதை. வடசென்னை மணலியின் தொழிற்சாலைப் புகைமூட்டத்தில் வளர்ந்த கண்ணுக்கு, மங்கலாகத் தெரிவது தொலைவு, தெளிவாகத் தெரிவது அருகு. அங்கே பதினைந்து கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள குன்றின் மடிப்பும் எதிர்வீட்டுச் சுவர்போலத் தெரிகிறது. "அதோ அந்த மேடு வரை நடந்துவிட்டு வருகிறேன்" என்று கிளம்பி, ஒரு மணி நேரம் நடந்த பிறகும் மேடு அதே அளவில் நின்றதைக் கண்டு திரும்பினேன்.

கேள்விகள் இருந்தால் எழுதுங்கள்.


புதுவண்ணை_வாசகர்:

அண்ணா, படங்களையும் எழுத்தையும் இரண்டு முறை படித்தேன். எனக்கு அடிப்படையிலேயே ஒரு சந்தேகம் இருக்கிறது. மலை உச்சியில் உப்பு எப்படி வந்தது? இமயமலை ஒருகாலத்தில் கடலாக இருந்தது என்று பள்ளியில் படித்திருக்கிறோம். அந்தக் கடலின் மிச்சம்தான் இந்த ஏரியா? மேலும், நன்னீர் ஏரியிலிருந்து வழியும் நீரே உப்பேரிக்குள் போகிறது என்றால், அது போகப்போக உப்பைக் கரைத்து நன்னீராக்கிவிடாதா? கூட்டமாக இருந்தாலும் பரவாயில்லை என்று பாங்கோங்குக்கே போனால் பறவை கிடைக்குமா என்பதையும் சொல்லுங்கள்.


அத்திப்பட்டு_உப்பளம்:

இந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்ல அனுமதியுங்கள். நான் லடாக் சென்றதில்லை; ஆனால் என் தந்தையார் உப்பளத்தில் கூலியாக இருந்தவர், நானும் பள்ளி விடுமுறைகளில் உப்பு வாரியவன்.

கடலின் மிச்சம் என்பது கேட்க அழகான கதை, ஆனால் காரணம் அதுவன்று. இமயமலைப் பாறைகளில் பழங்கடலின் படிவுகள் இருப்பது உண்மைதான். அந்தக் கடல் நீர் இன்றுவரை ஒரு குழியில் தேங்கிக்கிடக்க வழியில்லை. உப்பளத்தில் நாங்கள் செய்வதை மலை தானாகவே செய்கிறது, அவ்வளவுதான். எந்த ஆற்று நீரிலும், பனி உருகிய நீரிலும்கூட, பாறையிலிருந்து கரைந்த உப்பு கடுகளவேனும் இருக்கும். அந்த நீர் வெளியேற வழியுள்ள ஏரியில் உப்பும் கூடவே வெளியேறிவிடும். வழி இல்லாத ஏரியில் தண்ணீர் மட்டும் ஆவியாகிப் போகும், கொண்டுவந்த உப்பை வைத்துவிட்டுப் போகும். இது பல்லாயிரம் ஆண்டுகள் நடந்தால் என்னவாகும் என்று ஒரு கோடைக்காலத்தில் எங்கள் பாத்தியைப் பார்த்தாலே தெரிந்துகொள்ளலாம். நாங்கள் முதலில் ஒரு பெரிய பாத்தியில் நீரைத் தேக்கி, அடர்த்தி ஏற ஏற அடுத்தடுத்த பாத்திக்கு மாற்றி, கடைசிப் பாத்தியில் உப்பு விளையவிடுவோம். நண்பர் சொல்லும் நன்னீர் ஏரி மடை திறந்திருக்கும் முதல் பாத்தி. சோ கார் மடையே இல்லாத கடைசிப் பாத்தி. புதுவண்ணைத் தம்பி கேட்டதற்கு விடை இதிலேயே இருக்கிறது. மேலிருந்து வரும் நீர் உப்பைக் கரைக்கத்தான் செய்யும், ஆனால் கரைந்த உப்பு போக இடமில்லை. நீர் மறுபடி ஆவியானதும் உப்பு திரும்பவும் கரையில் பூக்கும்.

மழையும் முக்கியம். லே பகுதியில் ஆண்டுக்குச் சுமார் 100 மி.மீ. மழைதான். சென்னையில் ஏறத்தாழ 1,400 மி.மீ. பெய்வதால் ஐப்பசி வந்தால் எங்கள் பாத்திகளுக்கு விடுமுறை. அங்கே விடுமுறையே கிடையாது. பழவேற்காட்டை இதோடு ஒப்பிட்டுக் குழம்ப வேண்டாம். அந்த ஏரியின் உப்பு முகத்துவாரம் வழியாகக் கடலிலிருந்து நேரே வருவது.

ஒரே ஒரு எச்சரிக்கை. உப்புப் பூத்த தரை காய்ந்ததுபோல இருக்கும், அடியில் கருஞ்சேறு இருக்கும். எங்களுக்குச் சிறுவயதிலேயே சொல்லித்தருவார்கள்: பளிச்சென்ற வெள்ளையில் நடக்கலாம், சாம்பல் நிறமாக ஈரம் காட்டும் இடத்தில் கால் வைக்கக் கூடாது, அதுவும் வெயில் ஏறிய பிறகு இன்னும் கூடாது. வண்டியை உப்பின் மேல் ஏற்றிப் படமெடுக்கும் ஆசை யாருக்கும் வேண்டாம். சிக்கினால் இழுக்க ஆள் வர ஒரு நாள் ஆகலாம், சக்கரத் தடம் அழிய எத்தனை ஆண்டாகும் என்பதை அந்தப் பாலைநிலம்தான் முடிவு செய்யும்.


காசிமேடு_கரை:

அத்திப்பட்டு ஐயாவுக்கு நன்றி. நீங்கள் சொன்னது கண்ணால் பார்த்ததோடு அப்படியே பொருந்துகிறது. ஏரியைச் சுற்றியுள்ள குன்றுச் சரிவுகளில், இப்போதைய நீர்மட்டத்துக்கு மிக உயரத்தில், படிப்படியாகப் பழைய கரைக்கோடுகள் தெரிகின்றன. ஒருகாலத்தில் இரண்டு ஏரிகளும் சேர்ந்து ஒரே பெரும் ஏரியாக இருந்து, வற்றி வற்றி இந்த நிலைக்கு வந்ததற்கு அந்தக் கோடுகளே சாட்சி. மாலை ஐந்து மணிக்கு மேல் பக்கவாட்டு வெளிச்சம் விழும்போதுதான் அவை படத்தில் எழும். நண்பகலில் எடுத்தால் வெறும் மண்மேடு.

சாங்பா மேய்ச்சல் மக்கள் ஒருகாலத்தில் இந்த உப்பை வாரி, ஆடுகளின் முதுகில் சிறு சிறு பைகளாக ஏற்றி, பல நாள் நடந்து சென்று தானியத்துக்கு மாற்றிவந்தனர். வண்டியில் உப்பேற்றிச் சென்று நெல்லுக்கு மாற்றிய உமணரை நம் பாட்டன் பூட்டன் கதையாக அறிந்திருக்கிறோம். அந்தக் கரையில் நின்றபோது எனக்கு வந்த நினைவு, என்ன காரணமோ, சென்னையின் சால்ட் கொட்டாஸ் ரயில் சரக்கு நிலையத்தின் பெயர்ப்பலகைதான்.

பாங்கோங் பற்றி: அதுவும் உவர்நீர் ஏரிதான், உப்பு இருந்தும் குளிர்காலத்தில் உறைந்துவிடும். நிலக்காட்சிக்கு அதைவிடச் சிறந்த இடம் குறைவு. ஆனால் பறவைக்காகப் போகிறவருக்கு நான் சோ காரைத்தான் சொல்வேன். நேரமிருந்தால் அங்கிருந்து போலோகோங்கா கணவாயைக் கடந்து, புகாவின் வெந்நீர் ஊற்றுகள் வழியாகச் சோ மோரிரிக்கும் செல்லலாம்.


கொருக்குப்பேட்டை_செவிலி:

அரசு மருத்துவமனையில் முப்பது ஆண்டுகள் பணியாற்றி ஓய்வுபெற்றவள் என்ற முறையில் எழுதுகிறேன். தம்பி வெளிச்சத்தைப் பற்றியும் லென்ஸைப் பற்றியும் நிறைய எழுதியிருக்கிறீர்கள், மூச்சைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நாம் கடல்மட்டத்தில் பிறந்து கடல்மட்டத்திலேயே வாழ்பவர்கள். 4,500 மீட்டர் உயரத்தில் ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன் இங்கே கிடைப்பதில் 60 விழுக்காட்டுக்கும் குறைவு. லே நகரமே ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. விமானத்தில் இறங்கிய அன்றே ஊர் சுற்றக் கிளம்புவது பெரும்பிழை. குறைந்தது இரண்டு முழு நாள்கள், என்னைக் கேட்டால் மூன்று, லேயில் ஓய்வாக இருக்க வேண்டும். 3,000 மீட்டருக்கு மேல், ஓர் இரவு தூங்கும் உயரத்தைவிட அடுத்த இரவு தூங்கும் உயரம் 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது என்பது மருத்துவர்கள் சொல்லும் பொதுவிதி. லேயிலிருந்து நேரே சோ கார் போய்ப் படுத்தால் அது ஒரே தாவலில் 1,000 மீட்டர். இடையில் ரும்ட்சேயில் ஓரிரவு தங்குவது நல்லது. பணம் மிச்சமாகிறது என்று இமாசலப் பிரதேசத்தின் மணாலியிலிருந்து சாலைவழியாக ஏறுபவர்கள், நடுவழியில் உயரமான இடத்தில் படுத்து முதலிரவிலேயே துவண்டுபோவது வழக்கம்.

தலைவலி, குமட்டல், தூக்கமின்மை ஆகியவை தொடக்க அறிகுறிகள். அப்போது மேலே ஏறாமல் அங்கேயே நிற்க வேண்டும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலும், இருமல் விடாமல் வந்தாலும், நேர்க்கோட்டில் குதிகாலும் விரலும் தொட நடக்கச் சொன்னால் தள்ளாடினாலும், விடியட்டும் என்று காத்திராமல் உடனே கீழே இறங்க வேண்டும். உயரத்தால் வரும் நோய்க்கான அசிட்டசோலமைடு மாத்திரையை அண்டை வீட்டார் சொன்னார் என்று வாங்கிப் போடக் கூடாது; சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்கள் உள்பட அனைவரும் மருத்துவரிடம் கேட்ட பிறகே எடுக்க வேண்டும்.

ஒளிப்படக்காரர்களுக்கென்று தனியாக ஒன்று. உங்கள் கூட்டத்தார் தரையில் குப்புறப் படுத்து மூச்சை அடக்கிப் படமெடுத்துவிட்டுச் சட்டென்று எழுவார்கள். அங்கே அப்படி எழுந்தால் கண் இருட்டும். ஓடும் கழுதையின் பின்னால் ட்ரைபாடைத் தூக்கிக்கொண்டு யாரும் ஓட வேண்டாம்.


காசிமேடு_கரை:

அக்கா, குட்டு சரியான இடத்தில்தான் விழுந்திருக்கிறது. நான் லேயில் மூன்று இரவும் ரும்ட்சேயில் ஓர் இரவும் தங்கித்தான் போனேன், ஆனால் அதை எழுதத் தோன்றவில்லை. என்னோடு வந்த நண்பர் ஒருவருக்கு ஏரிக்கரையில் முதல் இரவே கடும் தலைவலி வந்தது. காலையில் இறங்கிவிடலாம் என்றபோது, இவ்வளவு செலவு செய்து வந்துவிட்டு எப்படி இறங்குவது என்று தயங்கினார். நான் பிடிவாதமாக வண்டியில் ஏற்றி அனுப்பினேன்; லே சேர்ந்ததும் தெளிந்துவிட்டார். கழுதையின் பின்னால் ஓடியதும் உண்மை, இருபது அடிதான். அதற்குப் பிறகு கால் மணி நேரம் கல்லில் உட்கார்ந்திருந்தேன்.


மீஞ்சூர்_பறவை:

அனைவரும் பாராட்டும் இடத்தில் மாற்றுக் கருத்து சொல்வதற்குப் பொறுத்துக்கொள்ள வேண்டும். இந்த இழையைப் படித்துவிட்டு அடுத்த ஜூனில் நம் குழுவிலிருந்து பத்துப் பேர் கிளம்புவார்கள். அவர்கள் போட்ட படத்தைப் பார்த்து நூறு பேர் கிளம்புவார்கள். ஜூன் என்பது அந்தப் பறவைகளின் அடைகாக்கும் காலம். கருங்கழுத்துக் கொக்கு ஓர் ஈட்டுக்கு இரண்டு முட்டைதான் இடும். மனிதர் நெருங்கினால் எழுந்து நிற்கும், எழுந்து நிற்கும் நேரத்தில் முட்டை குளிரும், காக்கையும் நாயும் காத்திருக்கும். சுற்றுலா முகாம்களின் மிச்ச உணவால் பெருகிய நாய்கள் அங்கே பறவைகளுக்குப் பெரிய அச்சுறுத்தல் என்பது பறவையாளர் அனைவரும் அறிந்தது. இணையத்தில் உலவும் கொக்குப் படங்களில் சில, கூட்டுக்கு எவ்வளவு அருகில் எடுக்கப்பட்டவை என்பதைப் பார்த்தாலே நெஞ்சு பதறுகிறது. நீங்கள் எவ்வளவு தொலைவிலிருந்து எடுத்தீர்கள் என்பதை வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். நம் முகத்துவாரத்துக்குக் குளிர்காலத்தில் தாமாகவே வரும் பறவையை, அதன் வீடுவரை துரத்திப்போய்ப் பார்க்க வேண்டுமா என்பதே என் கேள்வி. நம் முகத்துவாரத்தில் கலக்கும் கொசஸ்தலையாற்றில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து கிடக்கும்போது, அதைப் படமெடுக்க ஆளில்லாமல், எல்லாரும் லடாக்குக்குக் கிளம்புவதில் எனக்கு வருத்தமும் உண்டு.


காசிமேடு_கரை:

நியாயமான கேள்வி; சற்று விரிவாகவே சொல்கிறேன்.

கொக்குகளை நான் சாலையிலிருந்து, வண்டியை விட்டு இறங்காமல், சன்னலில் பயறு மூட்டை வைத்து அதன் மேல் லென்ஸை வைத்து எடுத்தேன். சில நூறு மீட்டர் தொலைவு இருக்கும். படத்தில் கொக்கு ஒரு கட்டைவிரல் நகத்தளவே இருக்கிறது. சுற்றிலும் புல்லும் உப்பும் மலையும்தான். எனக்கு அந்தப் படங்கள்தான் பிடித்திருக்கின்றன, ஏனென்றால் அந்தப் பறவை எவ்வளவு பெரிய தனிமையில் வாழ்கிறது என்பதை அவையே காட்டுகின்றன. கூட்டைத் தேடவில்லை. டிரோன் கொண்டுசெல்லவில்லை; எல்லைப் பகுதி என்பதால் அனுமதியும் இல்லை, இருந்தாலும் பறக்கவிட்டிருக்க மாட்டேன்.

ஆனால் ஒரு தவறு செய்தேன், அதை மறைத்தால் உங்கள் கேள்விக்கு முழுப் பதிலாகாது. இரண்டாம் நாள் சரளைத் தரையில் நடந்துகொண்டிருந்தபோது ஓர் உப்புக்கொத்தி என் முன்னே சிறகு ஒடிந்ததைப்போல இழுத்துக்கொண்டு ஓடியது. நம் கரையில் சாம்பல் நிறமாகப் பார்க்கும் அதே குருவி, அங்கே மார்பில் செம்பழுப்புப் பட்டையோடு அடையாளம் தெரியாத அளவுக்கு அழகாக இருந்தது. அடிபட்டிருக்கிறது என்று நினைத்துப் பின்தொடர்ந்து நாற்பது ஐம்பது படம் எடுத்துவிட்டேன். நூறு மீட்டர் தள்ளி அழைத்துச் சென்றதும் அது ஒன்றும் நடவாததுபோல விர்ரென்று பறந்துபோனது. கூட்டிலிருந்து என்னை விலக்குவதற்காக அது நடித்திருக்கிறது என்பது அதன்பிறகே உறைத்தது. வந்த வழியே திரும்பினால் முட்டையை மிதித்துவிடுவேனோ என்று பயந்து, வெகுதூரம் சுற்றிக்கொண்டு சாலைக்கு வந்தேன். அந்தப் படங்கள் மிகக் கூர்மையானவை. நான் எங்கும் வெளியிடவில்லை, வெளியிடப்போவதும் இல்லை.

கொசஸ்தலையாற்றைப் பற்றி நீங்கள் சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் இரண்டையும் எதிரெதிராக வைக்க வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். பழுப்புத்தலையை அதன் வீட்டில் பார்த்துவிட்டு வந்த பிறகு, முகத்துவாரத்தில் சாம்பல் சேற்றின் மேல் அது நிற்பதைப் பார்க்கும் பார்வை எனக்கு மாறியிருக்கிறது. முன்பு சேற்றை வெட்டிவிட்டுப் பறவையை மட்டும் சட்டகத்தில் வைப்பேன், இப்போது வெட்டுவதில்லை.


மீஞ்சூர்_பறவை:

வெளிப்படையாகச் சொன்னதற்கு நன்றி. உப்புக்கொத்தியின் நடிப்பில் ஏமாறாத பறவையாளர் யாருமில்லை, நானும் பழவேற்காட்டில் வேறோர் உப்புக்கொத்தியிடம் ஏமாந்தவன்தான். போகிறவர்கள் சரளைத் தரையில் இறங்கி நடக்கவே வேண்டாம் என்பதை மட்டும் உங்கள் முதல் பதிவில் சேர்த்துவிடுங்கள்.


ராயபுரம்_பழைய_கேமரா:

எனக்குக் கருவிதான் கவலை. உப்புத் தூசியில் நான்கு நாள் இருந்த கேமரா எப்படி இருக்கிறது?


காசிமேடு_கரை:

ஐயா, புண்ணில் விரலை வைத்துவிட்டீர்கள். அங்கிருந்தவரை ஒரு குறையும் இல்லை. வீட்டுக்கு வந்து பத்தாம் நாள் ட்ரைபாடின் கால் இணைப்புகள் இறுகிப்போயின, திருகுகளில் துரு, லென்ஸின் வளையம் மணல் அரைப்பதுபோல நறநறத்தது. பழுதுபார்க்கக் கொடுத்த கடையில் கடலில் போட்டீர்களா என்று கேட்டார்கள்; மலையில் என்றதற்கு நம்பவில்லை, கட்டணத்தை மட்டும் கடலில் போட்டதற்கான அளவில் வாங்கிக்கொண்டார்கள்.


ராயபுரம்_பழைய_கேமரா:

காரணம் உங்கள் ஊர்க் காற்றுதான், அந்த ஊர்க் காற்றன்று. கறியுப்பு, காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டினால் தானே நீரை இழுத்துக் கரைசலாகிவிடும். மெக்னீசிய உப்பு கலந்திருந்தால் அதற்கு வெகு முன்பே கசியத் தொடங்கும். மழைக்காலத்தில் அடுக்களைக் கல்லுப்புச் சாடி கசிவது இதனால்தான். லடாக்கின் வறண்ட காற்றில் அந்தத் தூசி வெறும் தூசியாகவே கிடந்தது. ராயபுரத்திலும் காசிமேட்டிலும் இரவுதோறும் ஈரப்பதம் அந்த அளவைத் தாண்டுவதால், நீங்கள் பையைத் திறந்த அன்றிரவே ஒவ்வொரு துகளும் ஒரு சொட்டு உப்புநீராகி இணைப்புகளுக்குள் ஊர்ந்திருக்கும். ஆகவே சுத்தம் செய்ய வேண்டிய இடம் லே, சென்னையன்று. அங்கேயே, தூசி காய்ந்திருக்கும்போதே, முதலில் காற்றூதியால் ஊதி, பிறகு மென்தூரிகையால் தட்டி எடுக்க வேண்டும். துணியால் துடைக்கக் கூடாது. உப்புப் படிகம் கண்ணாடியைக் கீறும். பிறகு சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு பிளாஸ்டிக் பையில் போட்டுக் காற்றுப் புகாமல் கட்டிக் கொண்டுவர வேண்டும். ட்ரைபாடை மட்டும் இங்கே வந்ததும் கால்களைக் கழற்றி நல்ல தண்ணீரில் கழுவி, காயவைத்து, மசகிடுங்கள். குழாயில் வருவது உப்புத் தண்ணீராக இருந்தால் கேன் தண்ணீரை வாங்கிக்கொள்ளுங்கள். நம் பக்கத்தில் இதையும் சொல்லியாக வேண்டியிருக்கிறது.

மின்கலத்துக்கும் ஒரு சொல். குளிரில் அதன் வலு பாதியாகக் குறைந்ததுபோலக் காட்டும். சட்டையின் உட்பையில், உடம்புச் சூட்டில் வைத்திருந்து மாற்றி மாற்றிப் போட்டால் மீண்டும் உயிர் வரும்.


திருவொற்றியூர்_இரவு:

பகலைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். இரவு வானம் எப்படி இருந்தது? அனல்மின் நிலையத்தின் விளக்கொளிக்கு நடுவே பால்வீதியைத் தேடிக் களைத்தவன் நான்.


காசிமேடு_கரை:

தம்பி, கண்ணுக்கே தெரிந்தது, கேமரா தேவைப்படவில்லை. ஆனால் சென்னைக்காரர் ஒருவர் அங்கே முதலில் குழம்புவார். துருவ விண்மீன் இங்கே தொடுவானத்திலிருந்து 13 பாகை உயரத்தில், வீடுகளுக்குப் பின்னால் மறைந்திருக்கும். அங்கே 33 பாகையில் நிமிர்ந்து நிற்கிறது. அதற்கு ஈடாகப் பால்வீதியின் மையப்பகுதி தாழ்ந்துவிடுகிறது. சென்னையில் அது ஏறத்தாழ 48 பாகை வரை ஏறும், அங்கே 28 பாகைக்கு மேல் ஏறாது. வானத்தை மட்டும் எடுப்பவருக்கு இது இழப்புதான். மலையையும் ஏரியையும் சேர்த்து எடுப்பவருக்கு வரம், ஏனென்றால் பால்வீதி மலைமுகட்டின் மேலேயே நிற்பதால் அகலக்கோண லென்ஸில் கிடைமட்டச் சட்டகத்திலேயே மூன்றும் அடங்கிவிடுகின்றன. நள்ளிரவுக்குப் பின் காற்று அடங்கினால் நீரில் விண்மீன்கள் விழும். எனக்கு நான்கில் ஓர் இரவுதான் அடங்கியது. அமாவாசையை ஒட்டிச் செல்லுங்கள். ஜூன் மாதத்திலும் இரவுக்குளிர் சுழியத்தை நெருங்கும் என்பதால் விரல் வெளியே தெரியும் கையுறை உதவாது. விளக்கு எரித்து உப்புப் பரப்பை வெளிச்சமாக்கிப் படமெடுக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. பறவைகள் தூங்கும் இடத்தில் அதைச் செய்ய வேண்டாம்.


புதுவண்ணை_வாசகர்:

கடைசியாக ஒரு கேள்வி அண்ணா. என்னிடம் 300 மி.மீ. லென்ஸ்தான் இருக்கிறது, விடுமுறையும் ஆறு நாள்தான் கிடைக்கும். போகலாமா?


காசிமேடு_கரை:

லென்ஸ் போதும், நாள் போதாது. செவிலி அக்கா சொன்ன கணக்குப்படி உடம்பு பழகவே நான்கு இரவு போய்விடும். போகவரப் பயணத்தைக் கழித்தால் ஏரிக்கரையில் ஒரு விடியல்கூட மிஞ்சாது. பத்து நாள் விடுமுறை கிடைக்கும் ஆண்டில் போங்கள். 300 மி.மீ. என்றால் பறவை சிறிதாகவும் இடம் பெரிதாகவும் வரும், அந்த ஏரிக்கு அது பொருத்தம்தான்.

அதுவரைக்கும் ஒன்று செய்யலாம். கடற்காகங்கள் ஐப்பசி வாக்கில் நம் கரைக்குத் திரும்பும். முதலில் வருபவற்றில் சிலவற்றுக்குத் தலையில் பழுப்பு திட்டுத் திட்டாக ஒட்டிக்கொண்டிருக்கும் என்று எதிர்பார்க்கிறேன். இத்தனை ஆண்டுகளில் அதை நான் கவனித்துப் பார்த்ததே இல்லை. ஐப்பசி முதல் ஞாயிறு காலை ஐந்தரை மணிக்கு எண்ணூர் முகத்துவாரத்தில் இருப்பேன். மீஞ்சூர் நண்பரும் வந்தால், சாம்பல் மேட்டுப் பக்கமாக நடந்து ஆற்றையும் சேர்த்து எடுத்துவிட்டு வரலாம். ட்ரைபாட் இன்னும் கடையில்தான் இருக்கிறது. யாராவது ஒன்று கூடுதலாகக் கொண்டுவாருங்கள்.